நியாயமான அச்சம்

தொழிற்சாலைகள் சட்டம், 1948. அதில் 41-எச் என்று ஒரு பிரிவு இருந்தது. அபாயகரமான செய்முறை நடக்கிற ஆலையில், விபத்து நேர்ந்து தங்கள் உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து வரக்கூடும் என்று தொழிலாளர்களுக்கு நியாயமான அச்சம் இருந்தால், அதை ஆலைப் பொறுப்பாளரிடம் நேராகவே சொல்லலாம். பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தங்கள் பிரதிநிதி வழியாகவும் சொல்லலாம். சொல்லும்போதே தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். இது முதல் உட்பிரிவு. பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்து ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் விசேஷம். பொறுப்பாளர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்கூட விஷயத்தை உடனே ஆய்வாளருக்கு அனுப்பியாக வேண்டும். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதில் ஆய்வாளர் சொல்வதே முடிவு.

சட்டப் புத்தகத்தில் நயம் தேடுகிற வழக்கம் எனக்கில்லை. ஆனாலும் இந்த மூன்று உட்பிரிவுகளை எழுதியவருக்கு ஆலைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. கீழேயிருந்து ஒருவன் வந்து சொன்னால் மேலே இருப்பவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாரு" என்பார். அந்த ‘ஒண்ணுமில்ல’யோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மூன்றாவதை எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சட்டம் தொழிலாளியிடம் ஆதாரம் கேட்கவில்லை. நியாயமான அச்சம் போதும் என்றது. ஆதாரம் தேடுவது ஆய்வாளரின் பாடு.

அபாயகரமான தொழில்கள் எவை என்று அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை பட்டியலிட்டது. முதல் இனமே இரும்பு சார்ந்த உலோகத் தொழில். வார்ப்படச் சாலை, மின் உற்பத்தி, உரம், பெட்ரோலியம் என்று வரிசை நீள்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று போனால் அந்த அட்டவணையில் கணிசமான பகுதியை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். அதே பெட்டியில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு 41-எச் தெரியும் என்று கேட்டால் பதில் உற்சாகமாக இருக்காது. ஹெல்மெட் போடு, ஷூ போடு, மொபைலை கேட்டில் கொடு என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. அச்சப்படவும் அதைச் சொல்லவும் உரிமை இருக்கிறது என்று எந்த இண்டக்‌ஷன் வகுப்பிலும் யாரும் அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்தப் பிரிவு சட்டம் பிறந்தபோதே இருந்ததல்ல. 1984 டிசம்பர் 2 இரவு போபால் ஆலையில் விஷவாயு கசிந்ததற்குப் பிறகு, 1987-ல் சட்டத்தைத் திருத்திப் புதிய அத்தியாயம் ஒன்றில் சேர்த்தார்கள். அந்த இரவைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அதில் ஒரு சின்ன விவரம் மட்டும் என்னை விடுவதில்லை. இரவு பதினொன்றரை வாக்கில் எம்.ஐ.சி. என்ற அந்த விஷப்பொருளைக் கையாளும் பகுதியில் இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. எங்கோ கசிகிறது என்று புரிந்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் சொல்லவும் செய்தார்கள். அதற்குச் சற்று முன், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், டேங்கின் அழுத்தம் 2-லிருந்து 10 பவுண்டுக்கு ஏறியிருந்தது. 10 என்பது வழக்கமான வரம்புக்குள்தான். போதாததற்கு அந்த ஆலையில் மானிகள் தப்பாகக் காட்டுவதும் வழக்கம். அதனால் யாரும் பதறவில்லை. கசிவை டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று முடிவானது. டீ முடிந்த நேரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மானி பொய் சொல்லும் என்று பழகிய இடத்தில் உண்மை சொன்ன மானியையும் யாரும் நம்பவில்லை. கண் எரிவது அன்றாடம் என்று பழகிய இடத்தில் தன் கண்ணையும் யாரும் நம்பவில்லை. அங்கே அறிவு இல்லாமல் போகவில்லை. கசிவைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருந்த நம்பகமான கருவியே கண்தான். அது வேலை செய்தது. அவர்கள் வாயைத் திறந்து சொன்னார்கள். ஆனால் மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதற்குக் கொடுக்கிற மதிப்புத்தான் அந்தச் சொல்லுக்கும் கிடைத்தது. கேட்டவர் தலையை ஆட்டினார். சொன்னவர்களும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் 1982-லிருந்தே அந்த ஆலையைப் பற்றி எச்சரித்து எழுதிக்கொண்டிருந்தார். ஊர் அதையும் இப்படித்தான் எடுத்துக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கம்பி போடுகிற ஆலைகள் நிறைய. ஸ்க்ராப்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் போட்டு உருக்கி, பில்லட் ஆக்கி, ரோலிங் மில்லுக்கு அனுப்புவார்கள். ஃபர்னஸின் அமைப்பு எளிது. சுற்றிலும் தாமிரக் காயில். அதன் குழலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் உருகிய இரும்பு, 1,600 டிகிரிக்கு மேல். இரண்டுக்கும் இடையில் சிலிக்கா மாவை இடித்து இறுக்கி எழுப்பிய லைனிங், சில அங்குலத் தடிமன். தண்ணீரையும் தீக்குழம்பையும் பிரித்து வைத்திருப்பது அந்தச் சில அங்குலம்தான். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை உருக்கும்போதும், அது கொஞ்சம் தேயும். தேய்ந்து ஓட்டையாகி இரும்பு காயிலைத் தொட்டு, தண்ணீர் உலோகத்துக்கு அடியில் புகுந்தால், அது நொடியில் ஆவியாகி ஃபர்னஸில் இருப்பதையெல்லாம் மேலே தூக்கி அடிக்கும்.

இதில் ஒரு விபரீதமான நுணுக்கம் இருக்கிறது. லைனிங் தேயத் தேய காயிலுக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் ஃபர்னஸ் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். சரக்கு சீக்கிரம் உருகும். அதாவது ஆபத்து நெருங்கும்போது உற்பத்தி கூடும். டன் கணக்கு பார்க்கிறவருக்கு அது நல்ல நாள். மேடையில் நின்று ஸ்லாக் தள்ளுகிற மெல்டருக்கு அது கெட்ட நாள். ஒரே எண்ணைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்படுகிறார், ஒருவர் பயப்படுகிறார். பயப்படுகிறவரின் சம்பளம் குறைவு.

இந்த இடத்தில் மெல்டருக்கும் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கும் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"சார், லைனிங் போயிருக்கு சார்."

"எத்தினி ஹீட் ஆச்சு? இன்னும் ரெண்டு தாங்கும், ஓட்டு."

"இல்ல சார், சரக்கு சீக்கிரமா உருகுது."

"சீக்கிரம் உருகுனா நல்லதுதானேப்பா? லீக்கேஜ் மீட்டர் எதுனா காட்டுதா?"

"காட்டல சார்."

"அப்பறம் இன்னா?"

‘அப்பறம் இன்னா’வுக்கு மெல்டரிடம் பதில் இல்லை. பத்து வருஷம் அந்த மேடையில் நின்றவர். குழம்பின் நிறம், ஃபர்னஸின் ஓசை, சுவரோரம் கருப்பும் சிவப்புமாகத் தெரிகிற திட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முதல் வாக்கியத்தைச் சொன்னார். அவ்வளவும் நான்கு கேள்வியில் கரைந்துவிட்டது. திரும்பி மேடைக்குப் போகும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிடும்: ஒருவேளை நமக்குத்தான் தெரியவில்லையோ, மேல இருக்கறவங்களுக்குத் தெரியாததா?

அந்த உரையாடலில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘இன்னும் ரெண்டு தாங்கும்’ என்றாரே, அது எப்படித் தெரியும்? அதற்கு எந்த மீட்டர் காட்டியது? அதுவும் ஊகம்தான், மேடையிலிருந்து தள்ளி நின்று செய்த ஊகம். ஆனால் அதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை. நம் ஆலைகளில், ஆபீஸ்களில், ஆஸ்பத்திரிகளில் நடப்பது இதுதான். மேலே இருப்பவரின் ஊகம் முடிவாகிவிடுகிறது. கீழே இருப்பவர் கண்ணால் கண்டது புகாராகவே நிற்கிறது, அதுவும் ஆதாரம் இல்லாத புகாராக. 41-எச் இதைத் தலைகீழாக்கப் பார்த்தது. ஆபத்து இல்லை என்கிறவர்தான் விஷயத்தை ஆய்வாளரிடம் கொண்டுபோக வேண்டும் என்றது.

படிப்பு குறைவாக இருப்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய தொலைபேசிக் கூட்டத்தில், பூஸ்டர் ராக்கெட் செய்த மார்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரில் ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்றார்கள். ரோஜர் போய்ஸ்ஜோலி அவர்களில் ஒருவர். அவர்களிடம் படமும் இருந்தது, எண்ணும் இருந்தது. வழக்கமாக, ஏவுவது பத்திரம் என்றுதான் நிரூபிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு, ஏவுவது பத்திரமில்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். முடியவில்லை. அவர்களுடைய நிர்வாகமே கட்சி மாறியது. மறுநாள் ஏழு பேர் போனார்கள். பட்டம் பெற்ற ராக்கெட் பொறியாளருக்கும் சிப்காட் மெல்டருக்கும் ஒரே கேள்விதான்: அப்பறம் இன்னா?

ஆதாரத்துக்குக் காத்திராமல் தன் கண்ணை நம்பியவர்களும் உண்டு. 2023 பிப்ரவரி 8-ம் தேதி கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷன். சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்குப் புறப்படச் சிக்னல் விழுந்துவிட்டது. சிக்னல் சரி, ஆனால் முன்னாலிருந்த பாயிண்ட் வேறு தண்டவாளத்துக்குத் திரும்பியிருந்ததை லோகோ பைலட் பார்த்தார். விளக்கு ஒன்று சொல்கிறது, இரும்பு வேறொன்று சொல்கிறது. அவர் இரும்பை நம்பி வண்டியை நிறுத்தினார். அவர் விளக்கை நம்பியிருந்தாலும் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. சிக்னலுக்குக் கட்டுப்படுவது விதி.

மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் முதன்மைத் தலைமை இயக்க மேலாளர் ஹரி சங்கர் வர்மா ஒரு கடிதம் எழுதினார். சிக்னல் கொடுத்து வண்டி நகர்ந்த பிறகும் லொகேஷன் பாக்ஸில் கை வைத்துப் பாதையை மாற்ற முடிகிறது. இது, சிக்னலையும் பாதையையும் ஒன்றோடொன்று பிணைக்கிற இன்டர்லாக்கிங் என்ற ஏற்பாட்டின் அடிப்படைக்கே விரோதம். உடனே திருத்தாவிட்டால் பெரிய விபத்து வரும் என்பது அதன் சாரம். அப்புறம் நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2 மாலை, ஒடிஷாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநாகா பஜார் ஸ்டேஷனில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்குச் சிக்னல் வாங்கிக்கொண்டு லூப் லைனுக்குள் போய் அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடிதத்தைக் கேட்டிருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்று சொல்லிவிட நான் தயாரில்லை. மண்டலம் வேறு, பிழை நேர்ந்த விதமும் வேறு. விசாரணை செய்த ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொல்வது இதைவிடச் சங்கடமானது. அதே தென்கிழக்கு ரயில்வேயில், அதே கரக்பூர் கோட்டத்தில், 2022 மே மாதம் பாங்க்ராநயாபாஜ் ஸ்டேஷனில் தப்பான வயரிங்கால் இப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அப்போதே திருத்த நடவடிக்கை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்கிறார் அவர். இன்னொன்றும் சொல்கிறார்: பஹாநாகாவில் பாயிண்டுகள் திரும்பத் திரும்ப வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதை ஸ்டேஷனிலிருந்து சிக்னல் பிரிவுக்குத் தெரிவித்திருந்தால், அவர்கள் பிழையைக் கண்டுபிடித்திருக்கக் கூடும்.

எனக்கு இதில் பிடிபடுவது ஒன்றுதான். பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ‘இது வழக்கமில்லை’ என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அறிவு என்று அவர்கள் கணக்கில் வைக்கவில்லை. வண்டி போகிறதல்லவா, அப்பறம் இன்னா? மெல்டரிடம் இன்சார்ஜ் கேட்ட கேள்வியை இங்கே கேட்க வெளியிலிருந்து யாரும் தேவைப்படவில்லை.

கோரமண்டல் அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்திருந்தால் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வந்திருக்கும். அந்தத் தடத்தில், சென்னையிலிருந்து போனால் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கிறது கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணிக்கு, மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ் அங்கே பாலசோரை அப்படியே நடித்துக் காட்டியது. மெயின் லைனுக்குப் பச்சை. வண்டி போனது லூப் லைனுக்கு. லூப் லைனில் ஒரு சரக்கு ரயில். உள்ளே திரும்பியபோது வந்த உலுக்கலிலேயே லோகோ பைலட் அவசர பிரேக்கைப் போட்டுவிட்டார். ஏராளமான பெட்டிகள் கவிழ்ந்தன, ஒரு பெட்டி எரிந்தது, சுமார் இருபது பேருக்குக் காயம். ஓர் உயிரும் போகவில்லை. பாயிண்டின் பாகங்களை யாரோ கழற்றியதுதான் காரணம், நாசவேலை, என்று பின்னால் பாதுகாப்பு ஆணையர் முடிவு சொன்னார். அது தனி விவகாரம். அந்த உலுக்கலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் யாரிடமும் கேட்பதற்கு நேரமில்லை. உடம்பு சொன்னதைக் கை கேட்டது.

லோகோ பைலட்டைப் பாராட்டுவது எளிது. பாராட்டினார்கள், விருதும் கிடைத்தது. ஆனால் அவருக்கும் நம் மெல்டருக்கும் தைரியத்தில் வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒருவர் கையில் பிரேக் இருக்கிறது. வண்டியை நிறுத்தியதற்காக அவரை நாளைக்கு வர வேண்டாம் என்று எந்தக் காண்ட்ராக்டரும் சொல்ல முடியாது. மெல்டர் கைக்கெட்டும் தூரத்திலும் பவரை ஆஃப் செய்கிற பட்டன் இருக்கிறது. அழுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவருடைய காண்ட்ராக்டருக்கும் தெரியும்.

இதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் நடக்கிற ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’களின் மேல் எனக்கு மரியாதை வருவதில்லை. நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு, குரலை உயர்த்து என்கிறார்கள். எல்லாம் பேசுகிறவன் தலையிலேயே கட்டப்படுகிறது. கேட்க வேண்டியவருக்கு அந்த ஹாலில் நாற்காலியே போடுவதில்லை. தைரியம் இல்லாததால் தொழிலாளி பேசுவதில்லை என்பது நிர்வாகத்துக்கு வசதியான விளக்கம். பேசாதவர்களில் பெரும்பாலோர் ஒருமுறை பேசிப் பார்த்தவர்கள். "சொல்லிப் பாத்தோம், இன்னா ஆவப்போவுது" என்பது இந்தப் பக்கத்து டீக்கடைகளில் சாதாரணமாகக் காதில் விழுகிற வாக்கியம். அந்த ‘சொல்லிப் பாத்தோம்’ அனுபவத்திலிருந்து வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் இதற்கு மேல் மொழிச் சிக்கலும் உண்டு. ஃபர்னஸ் மேடையிலும் ரோலிங் மில்லிலும் நிற்பவர்களில் நிறையப் பேர் பீகார், ஒடிஷா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் தமிழிலோ, ஆந்திர எல்லை பக்கத்தில்தானே, தெலுங்கிலோ பேசுவார். பாதுகாப்புப் பலகை மூன்று மொழியில் தொங்கும். ஆனால் ‘நேற்றைவிட இன்றைக்கு ஓசை வேறு மாதிரி இருக்கிறது’ என்பதைச் சொல்ல அரைகுறை மொழி போதாது. அவ்வளவு நுட்பமான அறிவு "சாப், கட்பட் ஹை" (சார், கோளாறு இருக்கு) என்று மூன்று சொல்லில் சுருங்கி வெளியே வரும். கேட்கிறவர் அந்த மூன்று சொல்லுக்கு உரிய மதிப்பைத்தான் கொடுப்பார். பக்கத்தில் நிற்கிற, இரண்டு மொழியும் தெரிந்த ஹெல்ப்பரைக் கூப்பிட்டு ‘என்ன சொல்கிறான், முழுசாகக் கேள்’ என்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்கிற இன்சார்ஜ்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஷிஃப்டில் ஆட்கள் பேசுகிறார்கள். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

பெண்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போய்வந்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் வாந்தி பேதியில் விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் வரவில்லை; இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு பார்த்ததில் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தச் சாப்பாட்டைத் தினம் சாப்பிட்டவர்களின் நாக்குக்கு அது முன்பே தெரியும். ஒரு பெண் போய் வார்டனிடம் சொன்னால் ‘வீட்டுச் சாப்பாடா கேக்குற’ என்பதுதான் இம்மாதிரி விடுதிகளில் கிடைக்கிற பதில். நெடுஞ்சாலையில் உட்கார்ந்தால்தான் அது தகவலாகிறது. இந்த மறியலை ஒழுங்கீனம் என்று அன்றைக்குச் சிலர் எழுதினார்கள். ஒருத்தியாகச் சொன்னபோது கேட்கிற ஏற்பாடு இருந்திருந்தால் அவர்களுக்கு ரோட்டில் என்ன வேலை?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தன் அறிவை நம்புகிறவன் தப்பாகவும் நம்பலாம். லைனிங் நன்றாகத்தான் இருந்திருக்கும். மெல்டர் பயந்து நிறுத்தியதில் ஒரு ஹீட் போய், கரண்ட் பில்லும் சேர்ந்து முதலாளிக்கு நஷ்டம். சின்ன ஆலைகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. இதைச் சொல்கிற முதலாளிகளை நான் வில்லனாக்க மாட்டேன். ஆனால் அச்சம் பொய்யானது என்று ஃபர்னஸை நிறுத்திப் பார்த்த பிறகுதான் தெரியும். பார்ப்பதற்கு ஆன செலவைத் தப்புக்கான அபராதமாக மெல்டரின் பெயரில் எழுதினால், அடுத்த தடவை நிஜமாகவே தேய்ந்திருக்கும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். டொயோட்டாவின் ஆலைகளில், கோளாறைப் பார்த்த தொழிலாளி இழுத்தால் உதவிக்கு ஆள் வந்து, தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கிற கயிற்றைத் தொங்கவிட்டார்கள் என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். இந்தப் பக்கத்து கார் உதிரிபாக ஆலைகளிலும் அதன் நகல்கள் உண்டு. கயிற்றை வாங்குவது சுலபம். காரணமில்லாமல் இழுத்துவிட்ட முதல் ஆளை சூப்பர்வைசர் என்ன பார்வை பார்க்கிறார் என்பதை மொத்த லைனும் கவனிக்கும். அந்தப் பார்வைக்குப் பிறகு கயிறு தொங்கினாலும் ஒன்றுதான், தொங்காவிட்டாலும் ஒன்றுதான்.

அப்படியானால் கேட்கிறவர் திருந்துகிறவரை தொழிலாளி சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். லைனிங் அதற்குக் காத்திராது. இங்கே வர்மாவின் கடிதத்தை மறுபடி பார்க்கலாம். அவர் பெரிய அதிகாரி. மெல்டரால் அப்படி எழுத முடியாது என்பது சரி. ஆனால் அந்தக் கடிதத்தின் பலம் அவர் பதவியில் மட்டும் இல்லை. எந்தத் தேதி, எந்த ஸ்டேஷன், எந்த வண்டி, எது எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருந்தது, இப்படியே விட்டால் என்ன வரும் என்று வரிசையாக இருந்தது. ‘என்னமோ சரியில்ல சார்’ என்பதைத் தட்டிவிடலாம். ‘இதே சரக்கு, இதே எடை, நேத்து ராத்திரி எடுத்த நேரத்தைவிட இன்னிக்குப் பத்து நிமிஷம் குறைவு, கிலோவாட் கூடியிருக்கு’ என்பதை அவ்வளவு சுலபமாகத் தட்டிவிட முடியாது. இந்த இரண்டாவது வாக்கியம் ஏதோ பொறியியல் படித்தவர் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தகவலும் மெல்டருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஹீட் ஷீட்டில் நேரமும் யூனிட்டும் தினம் எழுதப்படுகிறது. எழுதியதையே எடுத்துக் காட்ட வேண்டும். மேலே இருப்பவரின் ‘ரெண்டு தாங்கும்’ எந்தத் தாளிலும் இல்லை என்பதையும் அப்போதே கவனிக்கலாம்.

வாயால் சொன்னது விபத்துக்குப் பிறகு நிற்பதில்லை. யாரும் சொல்லவில்லையே என்பார்கள். சொன்னவர் சில சமயம் உயிரோடு இருக்க மாட்டார். லாக் புக்கில் ஒரு வரி, நேரம் போட்டு, இன்சார்ஜிடம் சொன்னேன் என்று எழுதியிருந்தால் அது நிற்கும். லாக் புக் தர மாட்டேன் என்றால் போனில் ஒரு வாட்ஸப் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பக்கத்தில் நிற்கிறவர் எழுதலாம். ஒருவருக்குப் பதில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் காண்ட்ராக்டரால் நான்கு பேரையும் ஒரே நாளில் அனுப்புவது கஷ்டம். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக வந்திருக்கிற பையன்களும் பெண்களும் இதை முதல் மாதத்திலேயே பழக வேண்டும். ‘புதுசா வந்தவனுக்கு என்ன தெரியும்’ என்று கேட்பார்கள். மற்றவர்களுக்குப் பழகிப்போனது புதிதாக வந்தவன் கண்ணில்தான் முதலில் படும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச் சூழல் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆய்வாளரின் பதவிப் பெயரும் மாறிவிட்டது. அந்தத் தொகுப்பில் எனக்கு வேறு பல மனக்குறைகள் உண்டு. ஆனால் உடனடி ஆபத்து என்று தோன்றினால் எச்சரிக்கிற உரிமை அதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைக் கவனிக்க வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். உங்கள் ஆலையில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அதில் தொழிலாளர் தரப்பில் யார் இருக்கிறார்கள், கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இன்சார்ஜாக இருந்தால், உங்களிடம் வந்து கடைசியாக ஒருவர் ‘சரியில்ல சார்’ என்று சொன்னது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். பல மாதமாக யாரும் சொல்லவில்லை என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.